பெட்டியில் வரும் செல்லும் நெஞ்சில் இருக்கும் செல்லும்

கேள்வி: டாக்டர், என் அண்ணனுக்கு 52 வயது. காய்ச்சல், இருமல் என்று பலதுறை மருந்தகத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் மூச்சுத் திணறி ஆம்புலன்சில் ஏற்றினோம். இன்ஃபுளுவென்சா ஏ, இரண்டு பக்கமும் நிமோனியா என்றார்கள். இன்றோடு ஒன்பது நாளாக மூச்சுக்கருவியில் இருக்கிறார். "ஏஆர்டிஎஸ், கடுமையான நிலை, பிஎஃப் 95" என்று டாக்டர் சொல்கிறார். தினமும் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். அதைப் பார்த்த அண்ணி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்து மச்சான் ஒரு காணொளி அனுப்பினார். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் ஸ்டெம் செல் ஊசி போட்டு இப்படிப்பட்டவர்கள் எழுந்து நடக்கிறார்களாம், 91 விழுக்காட்டினர் பிழைக்கிறார்களாம். மூன்று குப்பி, குப்பிக்கு 5 கோடி செல், மொத்தம் 40,000 வெள்ளி. பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவார்களாம். நகையையும் சேமிப்பையும் சேர்த்தால் புரட்டிவிடலாம். பணம் இருந்தும் செய்யாமல் விட்டோம் என்ற பழி எங்களுக்கு வேண்டாம். என் மகள் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைத்தோம், அதையாவது கொடுக்கலாமா? இன்னொன்று, சின்ன விஷயம்தான். அண்ணனின் மீசையை மழித்துவிட்டார்கள். இருபது வயதிலிருந்து வைத்திருந்த மீசை. அது தேவையா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புச் சகோதரிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் குப்பிகளை வாங்க வேண்டாம். உங்கள் மகளின் தொப்புள்கொடி இரத்தமும் அவள் மாமாவுக்கு ஆகாது. மீசைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஏஆர்டிஎஸ் என்பது நுரையீரல் அழற்சியால் நீர் கோத்து, ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக முடியாமல் தவிக்கும் நிலை. 'பிஎஃப் 95' என்றால் என்ன என்று யாரும் உங்களை உட்காரவைத்து விளக்கியிருக்க மாட்டார்கள். காலைச் சுற்றில் எங்களுக்கு அதற்கு வாய் வருவதில்லை, அது எங்கள் குற்றம்தான். தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்போம். கருவி கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை பங்கோ அதால் வகுப்போம். அண்ணனுக்கு 80 விழுக்காடு ஆக்சிஜன் போய், அழுத்தம் 76 வருகிறது என்று வையுங்கள். 76ஐ 0.8ஆல் வகுத்தால் 95. தேக்காவில் கீரைக்கட்டோடு நடந்துபோகும் உங்களுக்கு அது 400க்கு மேல் இருக்கும். 2012இல் வந்த பெர்லின் வரையறைப்படி 300க்குக் கீழே லேசானது, 200க்குக் கீழே நடுத்தரம், 100க்கு இறங்கினால் கடுமை. ஆனால் ஒரு நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு அழாதீர்கள். மூன்று நாளாக ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேளுங்கள். சேதி அதில்தான் இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். நுரையீரலில் கிட்டத்தட்ட 48 கோடி காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நூலாம்படை போன்ற இரத்த நாளங்கள் சுற்றிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் மிக மெல்லியது. கிருமியை அடிக்க வந்த வெள்ளணுக்கள் அந்தச் சுவரையும் சேர்த்து அடிக்கின்றன. சுவர் பிய்ந்து, புரதம் நிறைந்த நீர் காற்றறைக்குள் கசிகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் குழம்பு. அமெரிக்காவில் டென்வரில் ஆஷ்பா, பெட்டி ஆகியோரின் குழு 1967இல் 12 நோயாளிகளை வைத்து இதை முதன்முதலில் ஒரு தனி நோயாக எழுதியது. அடி, நிமோனியா, கணைய அழற்சி என்று காரணம் எதுவாக இருந்தாலும் நுரையீரல் கெடும் விதம் ஒன்றாக இருக்கிறதே என்பதுதான் அவர்கள் கண்டது.

இனி நான் சொல்வதை அண்ணிக்கும் மச்சானுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அந்தச் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகை பாய் விரித்ததுபோல் தட்டையாகப் படர்ந்திருக்கும்; ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் இரத்தத்துக்குள் போகிறது. அடி விழுந்தால் முதலில் செத்து உதிர்வதும் அதுதான். இரண்டாம் வகை மூலையில் உருண்டையாகக் குந்தியிருக்கும். முதல் வகை உதிர்ந்ததும் இது பெருகி, நகர்ந்து, தட்டையாகி, தானே முதல் வகையாக மாறி ஓட்டையை அடைக்கும். அதாவது குருத்தணு, நீங்கள் கேட்ட ஸ்டெம் செல், செய்யும் வேலையைச் செய்யும் செல் அண்ணனின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நம் சிங்கப்பூர் ஜீனோம் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2011இல் இன்னொன்றையும் காட்டியது. எச்1என்1 கிருமியால் நுரையீரல் பாழான எலிகளில், சிறு மூச்சுக்குழாய்களின் ஓரத்தில் இருந்த குருத்தணுக்கள் கிளம்பி, சிதைந்த பகுதிக்குப் போய்க் குடியேறி, மறுபடி கட்ட ஆரம்பித்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதர் மேல் ஏற்றிவிட முடியாது. ஆனால் நுரையீரல் கையைக் கட்டிக்கொண்டு சாகக் காத்திருக்கும் உறுப்பல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் செய்வதெல்லாம் அந்தச் செல்களுக்கு நாள் வாங்கிக் கொடுப்பதுதான். அதைக் கெடுக்காமல் வாங்கிக் கொடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. ஒரு காலத்தில் மூச்சுக்கருவியில் தாராளமாகக் காற்றை அடித்து ஊதினோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் மூச்சு கொடுத்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 31 பேர். அந்தக் கிலோ தராசில் காட்டும் எடையல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. அண்ணன் 170 சென்டிமீட்டர் உயரம் என்றால் 66 கிலோ. ஒரு மூச்சுக்கு 400 மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவு. கோப்பிக்கடையில் வாங்கும் ஒரு டின் குளிர்பானத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

குப்புறப் படுக்கவைப்பதும் அதே கதை. மல்லாந்து கிடந்தால் இதயமும் நீர் கோத்த நுரையீரலும் முதுகுப் பக்கத்தை அமுக்கும். நுரையீரலின் பெரும்பகுதி இருப்பதே அங்கேதான். 2013இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 466 நோயாளிகள். மல்லாந்தே கிடந்தவர்களில் 28 நாளில் நூற்றுக்கு 33 பேர் இறந்தார்கள். தினமும் 16 மணி நேரம் குப்புறக் கிடந்தவர்களில் 16 பேர். மருந்து இல்லை, ஊசி இல்லை, புரட்டிப் போட்டதோடு சரி.

அண்ணி பார்த்தது முடிந்த காட்சியை. புரட்டுவதைப் பார்த்திருந்தால் பயம் கொஞ்சம் தெளிந்திருக்கும். தலைமாட்டில் ஒருவர், வாய்க்குழாயைப் பிடித்த கையை எடுக்கவே மாட்டார். அவர்தான் எண்ணுவார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தாதியர். நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, வயிறு தொங்கலாக இருக்க வேண்டும். மேலும் கீழும் விரிப்பு போட்டு, ஓரங்களைச் சேர்த்துச் சுருட்டி, கொழுக்கட்டைபோல் ஆளை உள்ளே வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் ஓரத்துக்கு இழுத்து, பக்கவாட்டில் நிறுத்தி, மெதுவாகக் கவிழ்ப்பார்கள். பிறகு ஒரு கையை மேலே நீச்சலடிப்பதுபோல் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கையையும் மாற்றிவைப்பார்கள். முகம் வீங்கும், கண்ணிமை தடிக்கும், அது வடியும். ஐந்து பேரின் வேலை அது, நாளுக்கு இரண்டு தடவை. நாற்பதாயிரம் வெள்ளிக் குப்பி எதுவும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

இப்போது குப்பி. அதில் இருப்பதாகச் சொல்லப்படுவது மெசென்கைமல் செல், சுருக்கமாக எம்எஸ்சி. எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடித் திசு ஆகியவற்றிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்ப்பார்கள். 1991இல் அதற்கு 'மெசென்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தவர் ஆர்னல்டு கேப்லன். 2017இல் அதே மனிதர், 'ஸ்டெம் செல் என்ற பெயரை மாற்றுங்கள், ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்' என்று எழுதினார். பெயர் வைத்தவரே கைவிட்ட பெயரைத்தான் காணொளிக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தச் செல்லை இரத்தக் குழாயில் ஏற்றினால் அது நுரையீரலாக மாறுவதில்லை. இரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்நாளங்களில் சிக்கிக்கொண்டு, சில நாளில் அழிந்துவிடுகிறது. அதற்குள் அது சில சரக்குகளை வெளிவிடுகிறது. வெள்ளணுக்களின் கோபத்தைத் தணிக்கும் புரதங்கள், கசியும் நாளத்தை இறுக்கும் பொருள்கள், கிருமியைக் கொல்லும் சிறு புரதம் ஒன்று, 'எக்சோசோம்' என்னும் நுண்பைகள். சமயத்தில் செல்லுக்குச் சக்தி தரும் தன் மைட்டோகாண்ட்ரியாவையே பக்கத்துச் செல்லுக்குக் கொடுக்கிறது. கொத்தனார் என்று நினைத்தோம், தபால்காரராக இருக்கிறார். அந்தத் தபால்பையில் முக்கியமானது எக்சோசோம்தான் என்று 2010இல் எலிகளின் இதயத்தில் காட்டியதும் சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் தலைமையில் இயங்கிய குழுதான். ஆகவே இந்த ஆராய்ச்சியைக் கேலி செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஆட்டிலும் எலியிலும் அருமையாக வேலை செய்தது. எனக்கே ஆசை இருந்தது, இன்னமும் இருக்கிறது.

மனிதரிடம் வந்தபோதுதான் சிக்கல். கலிஃபோர்னியாவின் மைக்கேல் மாத்தே குழு 2015இல் 9 பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. உடனடி ஆபத்து எதுவும் இல்லை. 2019இல் அடுத்த கட்டம் வெளிவந்தது: 60 பேர், அவர்களில் 40 பேருக்குச் செல், 20 பேருக்கு வெறும் திரவம். கிலோவுக்கு ஒரு கோடி செல். அண்ணனின் அளவுக்குச் சொன்னால் 66 கோடி. 28 நாளில் செல் பெற்ற 40 பேரில் 12 பேரும், பெறாத 20 பேரில் 3 பேரும் இறந்திருந்தார்கள். கணக்கைப் பார்த்ததும் செல் கொன்றுவிட்டது என்று பாயக்கூடாது. செல் பெற்றவர்கள் தொடக்கத்திலேயே அதிகம் நலிந்தவர்கள், வேறுபாடும் புள்ளியியல்படி நிற்கவில்லை. ஆனால் காப்பாற்றியது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அந்த ஆய்வில் இன்னொரு விவரம் என்னைக் கவர்ந்தது. உறையவைத்து உருக்கி எடுத்த செல்களில் உயிரோடு இருந்தவை சில குப்பிகளில் 85 விழுக்காடு, சில குப்பிகளில் 36தான். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில், பயிற்சி பெற்றவர்கள் கையில் நடந்தது இது.

கோவிட் வந்ததும் ஆய்வுகள் குவிந்தன. மச்சானின் காணொளியில் வரும் 91 விழுக்காடு என்ற எண் மயாமியிலிருந்து 2021இல் வந்த ஆய்வாக இருக்கலாம். செல் பெற்றவர்களில் 91 விழுக்காடு பிழைத்தார்கள், பெறாதவர்களில் 42. உண்மைதான். ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 24 பேர். அதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 300 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டது; 222 பேரோடு, 2020 டிசம்பரில், மரணத்தைக் குறைப்பதாகக் காட்ட வாய்ப்பில்லை என்று நிறுத்தப்பட்டது. பெல்ஃபாஸ்ட் குழு தொப்புள்கொடிச் செல் 40 கோடி கொடுத்துப் பார்த்தது. ஆபத்து இல்லை, ஆக்சிஜனும் ஏறவில்லை. பிரான்சிலும் அதுவே. எம்எஸ்சி மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் முதல்முறையாக அனுமதி கிடைத்தது 2024 டிசம்பரில். அது எலும்பு மச்சை மாற்றுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு வரும் சிக்கலுக்கு, நுரையீரலுக்கு அல்ல.

அப்படியானால் காணொளியில் எழுந்து நடப்பவர்கள் யார்? 50 நாடுகளில் எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கில், கடுமையான ஏஆர்டிஎஸ் வந்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மீதி 54 பேர் ஸ்டெம் செல் எதுவும் இல்லாமல் பிழைத்தவர்கள். அந்த 54 பேரில் யாருக்காவது குப்பியை ஏற்றிவிட்டுக் கேமராவைத் திருப்பினால் காணொளி தயார். மற்ற 46 பேரை எவரும் படம் எடுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகன் சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் வார்டுக்கு வந்தார். கையில் தெர்மோகோல் பெட்டி, ஊரில் மீன் வியாபாரி வைத்திருப்பாரே, அதேபோல். செல்லை திரவ நைட்ரஜனின் குளிரில், பூஜ்யத்துக்குக் கீழே 150 பாகைக்கும் கீழே வைத்துக் கொண்டுவர வேண்டும். இங்கே உலர் பனிக்கட்டி முழுதும் ஆவியாகி, தரையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. குப்பியில் ஒட்டியிருந்த தாளில் மை கரைந்து எழுத்து பரவியிருந்தது. தேதியின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. யாருடைய செல், எப்போது உறையவைத்தது, எச்ஐவி, கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்குச் சோதித்ததா, எதற்கும் காகிதம் இல்லை. தாதி அதை இரண்டு கையாலும் வாங்கி மேசைமேல் வைத்தார், ஏதோ பிரசாதம்போல. அந்த மகனிடம் முடியாது என்று சொன்ன பத்து நிமிடம் என் வேலையில் நான் மறக்காத பத்து நிமிடம். செத்த செல்லின் குப்பையை, ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் நுண்நாளங்களில் எப்படிக் கொட்டுவேன்? உயிருள்ள செல்லுக்கே இரத்தத்தை உறையவைக்கும் குணம் கொஞ்சம் உண்டு. 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்த ஊசியைப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றி மருத்துவமனையில் விழுந்தார்கள். அவர்கள் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போட்டுக்கொண்டவர்கள். அண்ணன் இருக்கும் நிலையில் இன்னொரு தொற்று தாங்காது.

சட்டமும் இடம் தராது. இப்படி வளர்த்தெடுத்த செல்கள் 2021 மார்ச் 1 முதல் இங்கே சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் மருத்துவப் பொருள்கள். நுரையீரல் காயத்துக்கு என்று பதிவு பெற்றது எதுவும் இல்லை. பதிவாகாத மருந்தை ஒரு நோயாளிக்காக வரவழைக்க வழி உண்டு. ஆனால் விண்ணப்பிப்பவர் மருத்துவர், குடும்பம் அல்ல. முறையான ஆய்வு ஏதாவது நடந்தால் அதற்கு ஆணையத்தின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்கும், ஆணையத்தின் பதிவேட்டிலும் இருக்கும். அங்கே சோதனை மருந்துக்கு உங்களிடம் நாற்பதாயிரம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்டு 'ஆய்வு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பது வேறு செல். இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணு அது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குப் பயன்படும். நான் சொன்ன எம்எஸ்சி பெரும்பாலும் கொடியின் திசுவில் இருப்பது. அதையே சேமித்திருந்தாலும், பக்குவமான ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்தால்தான் 66 கோடியாகும். கட்டணத்தைத் தொடர்ந்து கட்டுவதா வேண்டாமா என்பது வேறு விவாதம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பழி என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஊரில் மூன்றாம் வகுப்பு வார்டில் இருப்பவருக்கும் முதல் வகுப்பில் இருப்பவருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவி ஒன்றுதான், புரட்டும் கை ஒன்றுதான். நீங்கள் எதையும் மறுத்துவிடவில்லை. மெடிசேவோ மெடிஷீல்டு லைஃபோ அந்தக் குப்பிக்கு ஒரு வெள்ளிகூடத் தராது. நகையை அடகு வைக்காதீர்கள், அது பிறகு வேண்டியிருக்கும். இதில் பிழைத்தவர்களை டொரோண்டோவில் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2011இல் வெளியான முடிவில், நுரையீரல் கிட்டத்தட்ட இயல்புக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் எதிர்பார்த்ததில் 76 விழுக்காடுதான். தசை கரைந்துவிடுகிறது. வேலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், உடற்பயிற்சிச் சிகிச்சை வேண்டும், இரவில் கெட்ட கனவு வரும். அந்த மாதங்களில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நிற்காது. இந்த வாரமே வார்டின் மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள். கட்ட முடியாதவர்களுக்கு உதவும் மெடிஃபண்ட் பற்றி அவரே பேசுவார்.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது குப்பியைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், பிஎஃப் மூன்று நாளாக எப்படிப் போகிறது, ஒரு மூச்சின் அளவு உயரக் கணக்குப்படி 6க்குள் இருக்கிறதா, குப்புறப் போட்டபோது எண் ஏறுகிறதா, எக்மோ, அதாவது உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவி, தேவையா என்று பேசினார்களா என்று கேளுங்கள். எக்மோ முதல் ஒரு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கூடுதல் என்பதால் அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அதற்கு நியாயம் இருக்கும். கோவிட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்களே, இவருக்கு ஏன் இல்லை என்று உறவில் யாராவது கேட்பார்கள். இன்ஃபுளுவென்சாவில் ஸ்டீராய்டைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. தெளிவாகப் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்திருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். சொல்லாவிட்டால் குடும்பச் சந்திப்பு வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மீசை. குழாய் வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நழுவினாலும் ஆபத்து. குப்புறக் கிடக்கும்போது எச்சில் ஊறி பிளாஸ்திரி வழுக்கும், மீசையில் அது ஒட்டவே ஒட்டாது. மழித்தவர் அதை யோசித்துத்தான் செய்திருப்பார். மழிப்பதற்கு முன் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் பிழை. குழாயை எடுத்த பிறகு மூன்று வாரத்தில் முளைத்து நிற்கும். இந்த முறை கொஞ்சம் நரைத்து வரலாம்.